தாஷ்கண்டில் ஒரு கடித்த ரொட்டி

உஸ்பெகிஸ்தானின் தலைநகர் தாஷ்கண்டில் சோர்சு பஜாருக்குப் பின்னால், பழைய நகரத்துச் சந்து ஒன்றில் நான்கு நாள் தங்கினேன். அந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் ஆணியடித்து ஒரு வட்ட ரொட்டியை மாட்டியிருந்தார்கள். நடுவில் பூ முத்திரை குத்தி, தந்தூரில் சுட்ட 'நோன்'. ஓரத்தில் ஒரே ஒரு கடி. பல் பதிந்த தடத்தோடு காய்ந்து கல்லாகியிருந்தது.

வீட்டு அக்காவின் மூத்த மகன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான். தூரம் போகிறவர் ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும், மிச்சத்தைத் திரும்பி வந்து அவரே தின்ன வேண்டும் என்பது அங்கே வழக்கம். ராணுவத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இப்படித்தான்.

"இதுதான் உமித்" என்றாள், கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும் இளைய மகள். இந்திப் பாட்டில் நாம் கேட்கும் 'உம்மீத்'தான். பாரசீகத்திலிருந்து உஸ்பெக், இந்தி இரு பக்கமும் போன சொல். பையனுக்கு உமித், பெண்ணுக்கு உமிதா என்று பெயரும் வைக்கிறார்கள்.

ஆங்கில 'ஹோப்'பும் இதுவும் ஒன்றுதானா என்று கேட்டேன். பஸ் வரவேண்டும் என்றாலும் ஹோப், கடிதத்தில் நலம் விசாரித்தாலும் ஹோப்; தன் அம்மா அதற்கெல்லாம் 'ஹுதோ ஹோஹ்லாசா', கடவுள் நினைத்தால், என்பதோடு விட்டுவிடுவார் என்றாள். உமித்தைக் கட்டுவார்கள், அறுப்பார்கள். அறுப்பதற்கு அவர்கள் சொல்லும் 'உஸ்மோக்', பழம் பறிக்கவும் நூலை அறுக்கவும் உள்ள அதே வினை. ஆங்கிலத்தில் ஹோப்பைத் தொலைக்கிறார்கள், கைவிடுகிறார்கள். இங்கே அது இரண்டு பேருக்கு நடுவே ஓடும் இழை. எனக்கு இது ரொம்பவும் பிடித்துப்போனது. 'நோஉமித் ஷைத்தோன்' என்று பழமொழியே உண்டு: உமித் அற்றவன் சைத்தான்.

"உங்கள் மொழியில்?" என்றாள். நம்பிக்கை என்றேன்.

"ஒருவரை நம்பிக் கடன் கொடுப்பது?"

"அதுவும் நம்பிக்கைதான்."

அவர்களுக்கு அதற்கு 'இஷோன்ச்' என்று தனிச்சொல் இருக்கிறது. ஆங்கிலத்திலும் இரண்டும் வேறு. அன்று இரவு படுத்தபடி யோசித்தேன். நம்மிடம் ஒரு சொல் குறைகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. வருவான் என்று அவனை நம்பாமல் எதை வைத்துக் காத்திருப்பது?

கிளம்பிய காலையில் அக்கா ரொட்டியைக் கழற்றி, துணியால் மெல்லத் துடைத்து, மறுபடி மாட்டினார். நான் பார்ப்பதைக் கண்டு ஒரே சொல் சொன்னார்: "கெலதி."

அதற்கு மகளின் உதவி தேவைப்படவில்லை. முந்தின நாள் மெட்ரோவுக்குக் காத்திருந்தபோது அவளே கற்றுக்கொடுத்த சொல். வருகிறான், வருவான் இரண்டுக்கும் அங்கே அது ஒன்றுதான்.