கோல்காவில் எதைக் காப்பது, எதை விடுவது

தெற்குப் பெருவின் அரெகிப்பா பகுதியில் ஓடும் கோல்கா ஆறு, கபனகொண்டே ஊரைத் தாண்டியதும் 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கிவிடுகிறது. பக்கத்துக் கொத்தஹுவாசிப் பள்ளத்தாக்கும் ஏறக்குறைய இதே ஆழம்தான். அங்கே எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான இக்னிம்பிரைட் பாறைகளின் வயதையும், பாறை எப்போது குளிர்ந்தது என்பதைக் காட்டும், அபடைட் கனிமப் படிகங்களில் தங்கிய ஹீலியத்தையும் அளந்திருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் ஆறு சுமார் 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மலையை வெட்டத் தொடங்கி, 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இன்றைய ஆழத்தின் பெரும்பகுதியை எட்டிவிட்டது என்று தெரிய வந்தது. வெட்டு இன்னும் நிற்கவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்கோ ஒரு சுவர் சரிகிறது. இப்படிப்பட்ட நிலத்தை இருந்தபடியே நிறுத்திவைக்க முடியாது, நிறுத்த முயலவும் கூடாது. தானாக விழுவதை விழ விட்டு, மனிதக் கை பட்டு அழிவதை மட்டும் தடுப்பதே இங்கே பாதுகாப்பு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது கள நிலவியலாளரின் பொறுப்பு.

அதற்கு முதலில் வரைபடம் சரியாக இருக்க வேண்டும். பெருவின் பழைய தாள் வரைபடங்கள் பிசாட்-56 என்ற பழைய ஆய ஆதாரத்தில் (இடங்களைக் குறிக்கும் அடிப்படை அளவு முறையில்) வரையப்பட்டவை. கையில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியோ டபிள்யூஜிஎஸ்-84 என்ற வேறோர் ஆதாரத்தில் பேசும். மாற்றாமல் குறித்தால் புள்ளி சுமார் 400 மீட்டர் தள்ளி விழும். சமவெளியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே 400 மீட்டர் என்பது ஒரு சுவரின் உச்சிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம். போதாக்குறைக்கு, பூமியை வரைபடத்துக்காகப் பட்டைகளாகப் பிரிக்கும் யூடிஎம் முறையின் 18, 19 மண்டலங்களின் எல்லையான 72 பாகைத் தீர்க்கரேகை, கபனகொண்டேவுக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. சிவாய், மாகா ஊர்கள் எல்லாம் 19இல். அண்டாகுவா எரிமலைப் பள்ளத்தாக்கு 18இல். மண்டல எண் எழுதாத களக்குறிப்பு பின்னால் யாருக்கும் பயன்படாது. ஆழத்தில் சுவர்கள் வானத்தை மறைப்பதால் ஜிபிஎஸ் காட்டும் உயரம் பத்து மீட்டர்க் கணக்கில் ஆடும். உயரம் ஏற்கெனவே தெரிந்த ஓர் இடத்தில் காலையிலும் மாலையிலும் சரிபார்த்த காற்றழுத்த உயரமானியையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. அண்டாகுவாவின் கறுத்த லாவாவில் காந்தத் தன்மையுள்ள மேக்னடைட் கனிமம் உண்டு, திசைகாட்டியைப் பாறைமேல் வைத்துப் படித்தால் முள் விலகும். எழுந்து நின்று, பாறையிலிருந்து சில மீட்டர் தள்ளி இரண்டு முறை படிக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் ஆராய்ச்சியும் பாதுகாப்பும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஹீலியம் முறைக்கு ஒரே சரிவில் 100 முதல் 200 மீட்டர் உயர இடைவெளியில் மாதிரிகள் வேண்டும், ஒவ்வொன்றும் 3 முதல் 5 கிலோ. பொட்டாசியம் சிதைந்து உண்டாகும் ஆர்கானை அளந்து வயது காண 1 அல்லது 2 கிலோ போதும், ஆனால் சிதைவில்லாத உட்பகுதியாக இருக்க வேண்டும். வெளிப்பரப்பில் பயோடைட் என்ற கனிமம் குளோரைட் என்ற வேறொரு கனிமமாக மாறிப் பொட்டாசியத்தை இழந்திருக்கும், அதிலிருந்து வரும் வயதை நம்ப முடியாது. ஆனாலும் சுற்றுலாப் பயணிகள் நின்று பார்க்கும் முகப்பில் சுத்தியலை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. சாலை வெட்டிய இடத்தில் அதே அடுக்கு புதிதாகத் திறந்திருக்கும். உதிர்ந்து கிடக்கும் கற்களிலிருந்து எடுத்தால் போதாது, அவை எந்த உயரத்திலிருந்து வந்தவை என்று தெரியாது. ஜுராசிக் கால அம்மோனைட்டுகளை (சுருள் ஓட்டுக் கடலுயிரிகளின் புதைபடிவங்களை) எங்கே கண்டாலும் படம் எடுத்து, இடம் குறித்து, அங்கேயே விட்டுவிட வேண்டும். பெரு நாட்டில் புதைபடிவங்கள் தேசிய மரபுச் சொத்து, அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

தானாக விழுவது என்றால் என்ன என்பதற்கு மாகா ஊரைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஹுவால்கா ஹுவால்கா எரிமலையிலிருந்து சரிந்த பெரும் பாறைக்குவியல் ஒரு காலத்தில் ஆற்றை மறித்து ஏரியாக்கியது. அந்த ஏரியின் அடியில் படிந்த மென்மையான வண்டல்மேல்தான் மாகாவின் வயல்கள் இருக்கின்றன. ஆறு வளைந்து வந்து சரிவின் அடிவாரத்தை அரிக்கிறது. மேலே படிக்கட்டு வயல்களுக்குப் பாயும் வாய்க்கால் நீர் உள்ளே இறங்குகிறது. 1991 ஜூலை நிலநடுக்கம் ஊரையே தரைமட்டமாக்கியது. பின்னாளில் அந்தச் சரிவில் மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் அளந்தபோது, சிறு நிலநடுக்கங்கள்கூட மண்ணின் விறைப்பைக் குறைக்கின்றன என்றும், மண் மறுபடி இறுகுவதற்குள் மழை அதைத் தடுத்துவிடுகிறது என்றும் தெரிந்தது. ஆக, பெரிய நடுக்கம் வந்தால்தான் ஆபத்து என்று காத்திருக்கக் கூடாது.

அந்தச் சரிவைக் கட்டி நிறுத்தும் யோசனைகள் அவ்வப்போது எழும். அடிவாரத்தில் சாலைக்காக வெட்டினால் முட்டுக்கொடுத்திருந்த மண் போய்விடும். சிமெண்ட் வாய்க்கால் கட்டினால், நகரும் மண்ணில் அது சரியாகச் சரிவின் விளிம்பில்தான் வெடிக்கும். அதுவரை பரவலாகக் கசிந்த நீர் அந்த ஒரே விரிசலில் இறங்கும். நகரும் பகுதியைக் கடக்கும் இடத்தில் மட்டும் வளையக்கூடிய பாலிஎத்திலீன் குழாய், மேலே தளர்வாகக் கூடுதல் நீளம், விரிசல்களைக் களிமண்ணால் மழைக்கு முன் அடைப்பது: செலவு குறைவு, பலன் அதிகம். விரிசலை அளக்க இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடிப்பது போதாது. முளை சாய்ந்தால் நகர்வு என்று தவறாக எண்ண நேரும். முக்கோணமாக மூன்று முளைகள் வேண்டும், நிலையான பக்கத்தில் இரண்டு. மாதம் ஒருமுறை, பாசனம் விட்ட தேதிகளையும் சேர்த்துக் குறித்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தேதிகள் பாசனக் குழுவிடம்தான் கிடைக்கும். ஆகவே கருவியை இறக்குவதற்கு முன் அவர்களிடம் பேச வேண்டும்.

இதற்கு நேர்மாறானவை அண்டாகுவாவின் எரிமலைக் கூம்புகள். தாமாக அழிய அவற்றுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும், ஆனால் சாலைக்கு ஸ்கோரியா என்ற துளைகள் நிறைந்த எரிமலைக் கல்லை அள்ளும் ஒரே இயந்திரத்துக்குச் சில வாரம் போதும். மழை குறைவு என்பதால் சரிவில் ஏறிய காலடித் தடம்கூடப் பல ஆண்டுகள் அழியாது. உயரத்தில் வளரும் யாரெட்டாவும் அப்படித்தான், ஆண்டுக்கு 1.5 சென்டிமீட்டர் அளவே விரியும் பச்சை மெத்தை அது. அடுப்புக்கு வெட்டிய ஒன்றை நம் வாழ்நாளில் ஈடுசெய்ய வழியில்லை.

2019இல் கோல்காவும் அண்டாகுவா எரிமலைகளும் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்கா ஆயின. கிராகூவ் நகரின் ஏஜிஎச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்த்ரே பௌலோ குழுவினர் 2003 முதல் செய்த கள ஆய்வுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்தப் பெயரே பாதுகாப்புச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். புவிப்பூங்கா என்ற அந்தஸ்து எந்தத் தொழிலையும் தானாகத் தடை செய்யாது, தடுப்பது உள்நாட்டுச் சட்டமே. ஆகவே ஒவ்வொரு கூம்பையும் ஒவ்வொரு பாறை முகப்பையும் எல்லை ஆயங்களோடு தனித்தனியாகப் பதிந்துவைப்பது சலிப்பூட்டினாலும் தவிர்க்கக் கூடாத வேலை.

அதிகம் கவனிக்கப்படாதது தண்ணீர். சாச்சாஸ் ஏரியை லாவா மறித்து உண்டாக்கியது. அங்கிருந்து நீர் லாவாவுக்கு அடியில் புகுந்து, ஆயோ அருகே மமக்கோச்சா ஏரியில் ஊற்றாக வெளிவந்து கோல்காவைச் சேர்கிறது. லாவாவின் விரிசல்கள் மணலைப் போல வடிகட்டா. மேலே கலந்தது கீழே வரும். மழை ஓய்ந்த மே முதல் அக்டோபர் வரை இரண்டு முனைகளிலும் ஒரே நாளில் வெப்பநிலை, மின்கடத்துதிறன், நீரோட்டம் மூன்றையும் அளந்து வைத்தால், பின்னாளில் மேலே ஒரு சுரங்கமோ அணையோ வரும்போது ஒப்பிட ஓர் அடிப்படை இருக்கும். அணை வந்த பிறகு அந்த எண்களை எங்கும் பெற முடியாது.