பாக் பீரங்கிக்காரர்களின் நினைவுக்குறிப்புகளில் எதை நம்புவது

பாக் என்பது ஜெர்மன் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியின் சுருக்கப்பெயர். இரண்டாம் உலகப் போரில் அந்தப் பிரிவுகளில் இருந்த சாதாரணச் சிப்பாய்கள் நிறைய எழுதிவைத்திருக்கிறார்கள். அவற்றைப் படிக்கும்போது என் அளவுகோல் ஒன்றுதான்: பீரங்கியின் எடையைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் பேசும் பக்கங்களை நம்பலாம், அழித்த டாங்கிகளை எண்ணும் பக்கங்களில் நிதானம் வேண்டும்.

எடையிலிருந்தே தொடங்கலாம். போரின் தொடக்கத்தில் கையில் இருந்தது 3.7 செ.மீ. பாக் 36. சுமார் 330 கிலோ. குழுவினரே கையால் தள்ளி இடம் மாற்றிவிடுவார்கள். 1940 மே மாதம் பிரான்ஸின் அர்ராஸில் பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகளிடமும், 1941 கோடையில் சோவியத் டி-34, கேவி டாங்கிகளிடமும் அதன் குண்டுகள் எகிறித் தெறித்தன. அடுத்து வந்த 5 செ.மீ. பாக் 38 ஏறக்குறைய ஒரு டன். 7.5 செ.மீ. பாக் 40, நிறுத்திய நிலையிலேயே 1,425 கிலோ. ஒரு முழு ரவுண்டு மட்டும் 12 கிலோ வரும். கவசத்தைத் துளைக்கும் பிரச்சினை தீர்ந்தது. பீரங்கியை நகர்த்தும் பிரச்சினை ஆரம்பித்தது.

பாக் 40-ஐ நிலைப்படுத்த இரண்டு கால்களையும் விரித்து, நுனியில் உள்ள மண்வெட்டித் தகடுகளை நிலத்தில் பதியவைக்க வேண்டும். பக்கவாட்டில் மொத்தம் 65 பாகை அளவுக்குத்தான் குழல் திரும்பும். அதைத் தாண்டி டாங்கி வந்தால் கால்களைத் தூக்கிப் பீரங்கியையே திருப்பியாக வேண்டும். நான்கைந்து முறை சுட்டதும் பின்னுதைப்பில் தகடுகள் ஆழப் புதைந்துவிடும். ஈரமண்ணாக இருந்தால் ஆட்களால் பிடுங்க முடியாது, இழுவை வண்டி வரவேண்டும். அந்த வண்டியோ குண்டு படாத தூரத்தில், பின்னால் பள்ளத்தில் நிற்கும். 1943-க்குப் பிறகு கைவிடப்பட்ட பாக் 40-கள் அத்தனை இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். “பீரங்கியை விட்டுவிட்டு ஓடிவந்தோம்” என்று ஒருவர் எழுதினால் கோழைத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். மண் எப்படி இருந்தது என்று முதலில் பாருங்கள்.

சுட்டவுடன் குழல்வாயிலிருந்து எழும் புழுதியும் பனித்தூளும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முன்னால் உள்ள மண்ணை நனைப்பார்கள், அல்லது துணி விரிப்பார்கள். நேருக்கு நேர் சுடாமல் பக்கவாட்டில் கவசம் மெலிந்த இடம் தெரியும்வரை காத்திருப்பார்கள். மாற்று இடம் ஒன்றை முன்கூட்டியே தோண்டிவைப்பார்கள். இந்த உழைப்பெல்லாம் வரிவரியாக வரும் புத்தகம் நல்ல புத்தகம். சலிப்பூட்டும் பகுதிதான், ஆனால் பொய் சொல்ல யாருக்கும் ஆசை வராத பகுதியும் அதுவே.

பாக் 36-க்கு 1942-இல் கிடைத்த காம்புக் குண்டு இன்னொரு நல்ல சோதனை. வெற்றுத் தோட்டாவைப் பின்பக்கம் வைத்து, குண்டைக் குழல்வாயில் முன்பக்கமாகச் செருக வேண்டும். அதாவது ஒருவர் கேடயத்தைத் தாண்டி எதிரியின் கண்முன் போய் நிற்க வேண்டும். 300 மீட்டருக்கு மேல் குறி நம்பகமில்லை. அதைக் கையாண்டவர் இந்த முன்நடையைச் சொல்லாமல் விடமாட்டார்.

இனி தவறுகள். பான்ஸர்பௌஸ்ட், பான்ஸர்ஷ்ரெக் என்ற, ஆள் கையிலேந்திச் சுடும் டாங்கி எதிர்ப்பு ஆயுதங்கள் 1943-இல்தான் படைக்கு வந்தன. 1942 ஸ்டாலின்கிராடில் அவற்றைச் சுட்டதாக எழுதியிருந்தால் நினைவு குழம்பியிருக்கிறது. 85 மி.மீ. பீரங்கி கொண்ட டி-34 போர்முனைக்கு வந்தது 1944 தொடக்கத்தில். 1943 ஜூலை குர்ஸ்க்கில் அதைப் பார்த்திருக்க முடியாது. பான்ஸர்ஷ்ரெக்கின் ராக்கெட் குழாயை விட்டு வெளியேறிய பிறகும் சற்று எரியும். அதனால் கேடயம் பொருத்தப்படாத முதல் வகையைச் சுடுபவர் முகமூடி அணிவார். இந்த விவரம் இல்லாத ‘அனுபவம்’ எனக்குச் சந்தேகம்தான்.

பதக்கத்திலும் ஒரு பொறி உண்டு. 1942 மார்ச் 9 அன்று நிறுவப்பட்ட டாங்கி அழிப்புப் பட்டை, கையில் எடுத்துச்செல்லும் ஆயுதத்தால் தனி ஆளாக டாங்கியை அழித்தவர்களுக்கு மட்டும். பாக் குழுவினருக்குப் பீரங்கியால் வீழ்த்திய டாங்கிக்கு அது கிடையாது. பீரங்கிக் கணக்கைக் காட்டிப் பட்டை வாங்கியதாக எழுதியிருந்தால் ஏதோ இடிக்கிறது. எண்ணிக்கையில் பெரும்பாலும் பொய்யைவிடக் குழப்பமே அதிகம்: ஒரே டாங்கியை இரண்டு பீரங்கிகள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும், நின்றுபோன டாங்கியை இரவில் சோவியத்துகள் இழுத்துப்போய்ப் பழுதுபார்ப்பார்கள்.

பெரிய குறை மௌனம்தான். கிரிமியாவில் 1941-42 குளிர்காலத்தைக் கழித்தவர் உறைந்த எண்ணெயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார். 1941 டிசம்பரில் சிம்பெரோபோலில் யூதர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதைப் பற்றி ஒரு வரி இருக்காது. சோவியத் போர்க்கைதிகளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜெர்மன் பிடியில் இறந்தார்கள். நினைவுக்குறிப்புகளில் கைதிகள் சாலையோரம் நடந்துபோவதோடு சரி. எல்லாச் சிப்பாயும் எல்லாவற்றையும் பார்த்திருக்க முடியாது என்பது உண்மை. இத்தனை பேர் இத்தனை பக்கங்களில் ஒன்றையுமே பார்க்கவில்லை என்பதை ஏற்க முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், எழுதியவர் எந்தப் படையலகு என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். காலாட்படை ரெஜிமென்ட்டின் 14-ஆம் கம்பெனியா, டிவிஷனின் பான்ஸர்யேகர் (டாங்கி வேட்டை) பட்டாலியனா என்பதைப் பொறுத்துத் தேட வேண்டிய கோப்பு மாறும். டிவிஷன் ஆவணங்களின் மூலங்கள் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் ராணுவ ஆவணக்காப்பகத்தில் உள்ளன. கைப்பற்றப்பட்டவற்றின் நுண்படச்சுருள்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் டி-315 வரிசையில் கிடைக்கும். அதில் தாக்குதல் குறிப்பைவிட ‘ஐபி’ எனப்படும் வழங்கல் பிரிவின் கோப்பு பயன்படும்: எத்தனை பீரங்கி இழப்பு, எவ்வளவு குண்டு செலவு என்று பதிவாகியிருக்கும். கைதிகள், பொதுமக்கள் பற்றிய தகவலுக்கு உளவுப் பிரிவான ‘ஐசி’யின் கோப்பைப் பாருங்கள். போரின் கடைசிக் கட்டத்துக்கு டிவிஷன் நாட்குறிப்புகள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. அப்போது கோர் அளவிலான டி-314, ஆர்மி அளவிலான டி-312 வரிசைகளுக்கு ஏறிப்போக வேண்டியிருக்கும். அங்கே ஒரு தனிப் பீரங்கியின் தடயம் அரிதாகவே கிடைக்கும்.