24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் பிரிட்ஜ்

பழைய 14 அடி லாரியை வாங்கி அதை நடமாடும் வீடாக மாற்றி முடிக்க எனக்குப் பதினோரு மாதங்கள் ஆயின. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிப்பதால், அனுமதிக்காக அலைந்தது தனி. அதைவிட என்னைப் படுத்தியவை நானே போட்ட தப்புக் கணக்குகள்.

முதல் தப்பு படுக்கை. வெளி அகலம் 6 அடி 6 அங்குலம் இருந்ததால் குறுக்கே தாராளமாகப் படுக்கலாம் என்று வரைந்துவிட்டேன். இரும்புச் சட்டம், வெயிலைத் தடுக்க 2 அங்குலத் தெர்மாகோல், அதன் மேல் பிளைவுட் எனப் பக்கத்துக்கு 4 அங்குலம் போனபின் மிஞ்சியது 5 அடி 10 அங்குலம். என் உயரமோ 5 அடி 11. இன்றும் மூலைவாட்டில்தான் படுக்கிறேன்.

மின்சாரத்தில் பட்டது பெரிய அடி. என் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. நான் வாங்கியதோ 12 வோல்ட்டில் மட்டும் ஓடும் பிரிட்ஜ். எல்லா வண்டிக்கும் ஒத்துவரும் என்று சொல்லி விற்ற கடைக்காரர், பிறகு அதைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். "ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் லைன் எடுத்தால் போதும் சார்" என்றார் எலக்ட்ரீஷியன், நானும் தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்துக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய்த் தங்கிய மறுநாள் காலை, சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலி மட்டுமே வந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தபோது ஒரு பேட்டரி 12.7 வோல்ட்டும், பிரிட்ஜுக்குக் கொடுத்த மற்றொன்று 11.3 வோல்ட்டும் காட்டின. எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் இரண்டு பேட்டரிகளின் வோல்ட் கூட்டுத்தொகையை மட்டுமே பார்த்து மின்னேற்றுவதால், பாதி காலியான பேட்டரி நிறையாமலே கிடக்க, நிறைந்திருந்த பேட்டரி அளவுக்கு மீறி ஏறி, அதன் நீர் தகட்டுக்குக் கீழே வற்றிப்போயிருந்தது. இரண்டையுமே மாற்ற வேண்டியதாயிற்று. இப்படி நடுவிலிருந்து லைன் எடுக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

பிறகுதான் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். ஒரு நாளைக்குப் பிரிட்ஜுக்கு 550 வாட்-மணி, குறைந்த மின்சாரத்தில் ஓடும் இரண்டு பி.எல்.டி.சி. மின்விசிறிகளுக்கு 560, விளக்கு, மடிக்கணினி, தண்ணீர் மோட்டாருக்கு 300 என மொத்தம் ஏறத்தாழ 1,400 வந்தது. 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 24 வோல்ட்டிலேயே 83 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டுக் கேஸ் அடுப்புக்கு மாறினேன். வீட்டுக்கென்று தனியாக 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும், கூரையில் இரண்டு 335 வாட் பேனல்களும் வைத்தேன். அவற்றை இணைத்தது ஒரே நாளில் முடிந்தது. கேரியர் கம்பியின் நிழல் ஒரு பேனல் மேல் விழுந்ததால் மட்டும் காலை வேளைகளில் மின்சாரம் படுத்துவிட்டது. கம்பியை அறுத்தெறிந்ததும் சரியாயிற்று.

கடைசியாக எடை மேடைக்குப் போனேன். 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, சிலிண்டர் எல்லாமே இடப்பக்கம் இருந்தன. இடச்சக்கரங்களையும் வலச்சக்கரங்களையும் தனித்தனியே ஏற்றி எடுத்த சீட்டுகளில் 310 கிலோ வித்தியாசம். தொட்டியைக் கழற்றி வலப்பக்கம் மாற்றுவதற்காக, அழகாகச் செய்து முடித்திருந்த சமையல் மேடையை உடைத்தேன்.