விற்றிருந்தாள்

தாராவியில் 90 அடிச் சாலைக்கு அருகே உள்ள ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் தமிழும் ஒன்று. என் வகுப்பில் பாதிப் பேர் அங்கே எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள். வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி, பள்ளியில் ஒரு பாடமாக மராத்தி. இவை மூன்றையும் தாண்டித்தான் ஆங்கிலம். அறிவியல், கணக்கு, வரலாறு எல்லாம் ஒரே ஜூன் மாதத்தில் ஆங்கிலமாகிவிடும்போது, வாயாடிப் பிள்ளைகள்கூட ஊமையாகிவிடுகிறார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை' கதையை முதன்முறை நடத்தியபோது ஐம்பது கடினச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, வரிக்கு வரி தமிழில் பொருள் சொன்னேன். நான்கு பாடவேளைகள் ஆயின. கடைசி வரி முடிந்தபோது எந்த முகத்திலும் ஒரு சலனமும் இல்லை. ஒரு மாணவி மட்டும், "இதிலிருந்து என்ன கேள்வி வரும், டீச்சர்?" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கதையை அவர்களைப் படிக்கவிடாமல் நானே படித்து முடித்திருந்தேன்.

மறு ஆண்டு ஜெராக்ஸ் எடுத்த தாள்களில் கடைசிப் பக்கத்தை மட்டும் என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். முதல் பாடவேளையில் மூன்றே வாக்கியங்கள். ஒரு டாலர் எண்பத்தேழு சென்ட். அவ்வளவுதான். அதில் அறுபது சென்ட் பென்னிகளாக, அதாவது ஒரு சென்ட் காசுகளாக. "டீச்சர், முதல் வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லையே, தப்பாயிற்றே?" என்று ஒருவன் கேட்டான். கீழ் வகுப்பில் கற்ற இலக்கணம். "கையில் பத்து ரூபாய் என்று நீ சொன்னால் அதில் வினைச்சொல் எங்கே?" என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்தது. ஆங்கிலமும் இப்படிப் பேசும் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி.

அறுபது பென்னிகளும் கதாநாயகி டெல்லா காய்கறிக்காரரிடமும் கசாப்புக்காரரிடமும் பேரம் பேசி ஒன்றும் இரண்டுமாக மிச்சம் பிடித்தவை. இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. கணவனின் வாரச் சம்பளம் முப்பது டாலரிலிருந்து இருபதாகக் குறைந்துவிட்டது, அதில் வாடகை எட்டு என்று வந்ததும், தோல் பை தைக்கும் பட்டறையில் அப்பா வேலை செய்யும் ஒரு பையன், "ஆர்டர் குறைந்திருக்கும்" என்றான். டெல்லா தன் கூந்தலை இருபது டாலருக்கு விற்கும் இடத்தில், எடைக்கு விற்றாளா நீளத்துக்கு விற்றாளா என்று பெண்கள் கேட்டார்கள். சிக்குமுடி வாங்குபவர் அவர்கள் சந்துக்கும் வருகிறார். முதல் ஆண்டில் நான் இந்த ஊரையே வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தேன்.

கணக்கில் கெட்டிக்காரனான ஒருவன் மறுநாள் வந்தான். அறுபது பென்னி போக மீதி நூற்று இருபத்தேழு சென்ட். மற்றவை ஐந்து, பத்து சென்ட் காசுகள்தானே, பென்னியே இல்லாமல் அது எப்படி வரும் என்றான். அமெரிக்காவில் முன்பு இரண்டு சென்ட், மூன்று சென்ட் காசுகளும் இருந்தன. அவற்றை அச்சிடுவது 1873-லும் 1889-லும் நின்றது. கதை வெளியானது 1905-ல். பழைய காசுகள் சில கைமாறிக்கொண்டிருந்திருக்கலாம் என்று சொன்னேன். அவனுக்குப் பாதிச் சமாதானம்தான். ஆனால் அந்த மூன்று வாக்கியங்களை அவன் வீட்டில் எத்தனை முறை படித்திருக்க வேண்டும்!

தலைப்பிலுள்ள 'மேஜை' எல்லோரையும் குழப்பியது. டேபிளுக்கும் பரிசுக்கும் என்ன தொடர்பு? ஜூனிலிருந்து ஒரு சொல்கூடப் பேசாத பையன் ஒருவன் எழுந்தான். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் கிழக்கிலிருந்து வரும் சாஸ்திரிகள்தான் அவர்கள், பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டு வந்தார்கள் என்று மூச்சுவிடாமல் தமிழில் சொன்னான். ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டும் என்பது எங்கள் பள்ளி விதி. நானும் அதை நம்பியவள்தான். அந்த விதியைக் காட்டி அவனை உட்கார வைத்திருந்தால் அடுத்த மார்ச் வரை அவன் எழுந்திருக்கமாட்டான்.

கடைசிப் பக்கத்தைக் கொடுத்த நாளில் வகுப்பு தானாகவே அமைதியானது. அவள் முடியை விற்று, அவன் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்கியிருக்கிறாள். அவன் அந்தக் கடிகாரத்தையே விற்று, அவள் கூந்தலுக்கு ஆமையோட்டுச் சீப்புகள் வாங்கி வந்திருக்கிறான். பின்வரிசையிலிருந்து "ஐயோ" என்று ஒரு குரல் வந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஓராண்டு காத்திருந்தேன்.

பிறகு, நடந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னேன். ஆங்கிலத்தில் யாருக்கும் வரவில்லை. தமிழில் சொல்லுங்கள் என்றேன். "அவன் சீப்பு வாங்கி வந்தபோது அவள் முடியை விற்றிருந்தாள்" என்றாள் ஒருத்தி.

"விற்றாள் என்று சொன்னால் போதாதா?"

"அப்படிச் சொன்னால் சீப்பைப் பார்த்த பிறகு விற்றதாக ஆகிவிடும், டீச்சர்."

சூத்திரமாக நான் எத்தனையோ முறை எழுதிப் போட்டும் ஏறாத இலக்கணம் இதுதான். 'ஹேட்' (had) போட்டு வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் போடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எதற்காக என்று சொன்னதில்லை. 'விற்றிருந்தாள்' என்பதில் வரும் அந்த 'இருந்தாள்' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'ஹேட்' செய்கிறது என்று எழுதினேன். இரண்டு மொழிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கரும்பலகையில் நின்றன. டெல்லா தன் வாயால் சொல்லும் வாக்கியத்திலும் ஒரு 'ஹேட்' வருகிறது. அது முடியை வெட்டி விற்கச் செய்தேன் என்னும் வேறு பொருளுடையது. அதை வேண்டுமென்றே அன்று தொடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கதவு திறந்தால் போதும்.

'இருந்தாள்' வரும்படி உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். நான் எழுந்திருப்பதற்குள் அம்மா இட்லிக் கூடையோடு கிளம்பியிருந்தார், நாங்கள் தாதர் போய்ச் சேர்வதற்குள் ரயில் புறப்பட்டிருந்தது என்றெல்லாம் வந்தன. பிழைகள் நிறைய இருந்தன. காலம் மட்டும் பெரும்பாலும் சரியாக இருந்தது. தோல் பட்டறைக்காரரின் மகன் நோட்டை மற்றவர்களோடு வைக்காமல் தனியே கொண்டு வந்தான். வாக்கியம் பாதியில் நின்றது. நான் ஃபீஸ் கேட்பதற்கு முன்பே அம்மா தன் கம்மலை என்பதுவரை ஆங்கிலத்தில் எழுதி, அதற்குமேல் 'அடகு' என்று தமிழில் எழுதியிருந்தான். அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று மெல்லக் கேட்டான். நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதற்கு மூன்றாம் வடிவம் என்ன, டீச்சர்?" என்றான்.