30 மீட்டர் தாழ்வாரம்: ஒரு பிசியோ மாணவியின் நாட்குறிப்பு

ஜூலை 7

இந்த வாரம் உடல்திறன் பரிசோதனைகள் ஆரம்பம். கோவையில் பிசியோதெரபி கடைசி வருடம். இதுவரை தசை, மூட்டு, வலி என்றே போய்க்கொண்டிருந்தது. இனி ஒருவருடைய இதயமும் நுரையீரலும் எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்று அளக்கப் பழக வேண்டும். நேரடியாக அளக்க, முகமூடி மாட்டி மூச்சுக்காற்றை ஆராயும் கருவி தேவை. எங்கள் துறையில் அது கிடையாது. பெட்டி, ஸ்டாப்வாட்ச், ட்ரெட்மில், தாழ்வாரம் இவற்றை வைத்துத்தான் கணிக்கிறோம்.

இன்று குயின்ஸ் காலேஜ் ஸ்டெப் டெஸ்ட். 41.3 செ.மீ. உயரப் பெட்டியில் மூன்று நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பெண்கள் நிமிடத்துக்கு 22 முறை, ஆண்கள் 24 முறை. முடித்த 5ஆவது நொடியிலிருந்து 20ஆவது நொடி வரை பல்ஸ் எண்ணி, நான்கால் பெருக்குகிறோம். பெண்களுக்கான சூத்திரம்: 65.81-இலிருந்து, பல்ஸை 0.1847-ஆல் பெருக்கிக் கழிப்பது. கபடி ஆடும் அறைத்தோழிக்கு 128. அதாவது உச்ச உழைப்பில் உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன், உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு 42.2 மி.லி. எனக்கு 152, கணக்குப்படி 37.7.

பெட்டி எல்லோருக்கும் ஒரே உயரம் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஐந்தடிக்கும் குறைவான தோழி ஒருத்தி ஒவ்வொரு முறையும் முழங்காலை இடுப்புப் பக்கம் வரை தூக்க வேண்டியிருந்தது. அவளுடைய பல்ஸில் எவ்வளவு இதயத்தால், எவ்வளவு பெட்டியால் என்று சூத்திரத்துக்குத் தெரியாது.

ஜூலை 8

நாள் முழுக்க பல்ஸ் எண்ணும் பழக்கம். 15 நொடியில் ஒரு துடிப்பு தவறினால் நிமிடக் கணக்கில் நான்கு. ஆள் நின்றதுமே துடிப்பு இறங்க ஆரம்பித்துவிடும் என்பதால், மணிக்கட்டில் நாடி தேடித் தடவிக்கொண்டிருக்க நேரமில்லை. இடம் முன்கூட்டியே விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூலை 11

இதயப் பிரிவில் ட்ரெட்மில். ராபர்ட் புரூஸ் 1963இல் வெளியிட்ட முறையைத்தான் இங்கேயும் பின்பற்றுகிறார்கள். முதல் கட்டம் மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீதச் சரிவு. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் சேர்ந்தே ஏறும். நாங்கள் ஓரமாக நின்று பார்க்கத்தான் அனுமதி.

வந்தவருக்கு 58 வயது. அதிகபட்ச இதயத் துடிப்பைக் கணிக்க 220-இல் வயதைக் கழித்தால் 162. ஆனால் அவர் சாப்பிடுவது மெட்டோப்ரோலால். அந்த மாத்திரை இதயத் துடிப்பை ஏறவிடாது. 162-ஐ எதிர்பார்த்து நின்றால் ஆளைத் தேவையில்லாமல் வதைப்பதாகிவிடும். அந்த மாத்திரை இல்லாவிட்டால்கூட இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் போகக்கூடியதுதான். அதனால் சுவரில் போர்க் அளவுகோல் மாட்டியிருக்கிறது. 6 முதல் 20 வரை எண்கள். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று அவரே விரலால் காட்ட வேண்டும். 13-ஐக் காட்டினார், அப்புறம் 15, அப்புறம் 17.

அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததும் டெக்னீஷியன் அண்ணன் உடனே, "ஐயா, சும்மா விரலை மட்டும் வைங்க" என்றார். கைப்பிடியில் உடம்பைத் தாங்கிக்கொண்டால் கால்களின் வேலை குறைந்து, இல்லாத திறன் இருப்பதாகக் கணக்கு காட்டும். பி.பி. பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. உழைப்பு கூடக் கூட மேல் எண் ஏற வேண்டும். ஏறாமல் 10-க்கு மேல் இறங்கி, கூடவே நெஞ்சுவலியோ ஈசிஜி மாற்றமோ தெரிந்தால் அதே இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அந்த அறையில் எல்லோருடைய கண்ணும் அவர் முகத்திலேயே இருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஜூலை 14

ஆறு நிமிட நடை. படிக்கும்போது இதைவிட எளிது எதுவும் இல்லை என்று தோன்றும். 30 மீட்டர் தாழ்வாரம், இரு முனையிலும் கூம்பு, ஒரு நாற்காலி, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவு. நிற்கலாம், சுவரில் சாயலாம். கடிகாரம் மட்டும் நிற்காது.

இன்று வந்த ஐயா ஸ்பின்னிங் மில்லில் ப்ளோ ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஞ்சுத்தூசி அதிகம் பறக்கும் இடம் அது. போதாததற்குப் பீடியும். பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஆரம்பித்தோம். இரண்டாவது சுற்றிலேயே கேட்டார்: "ஏனுங்க அம்மணி, நீங்களும் கூட நடந்து வந்தா பேச்சுத் துணையா இருக்குமுங்களே?"

கூட நடக்கக் கூடாது. பக்கத்தில் ஆள் நடந்தால் அவருடைய வேகம் நம் வேகமாகிவிடும். பேசவும் கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைத்த வாக்கியத்தை ஒரே குரலில் சொல்ல வேண்டும்: "நல்லா நடக்கிறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." அவர் சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கியபோது ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லாமல் நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

பிறகு மேடம் காரணம் சொன்னார். பரிசோதிப்பவர் உற்சாகப்படுத்தினால் நடக்கும் தூரம் சுமார் 30 மீட்டர் கூடுகிறது என்று 1984இலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. நுரையீரல் நோயாளிக்குச் சிகிச்சையால் உண்மையான முன்னேற்றம் என்று நாம் ஏற்கும் தூரமும் ஏறக்குறைய அதே 30 மீட்டர்தான். இன்று நான் மௌனமாக நின்றுவிட்டு, இரண்டு மாதம் கழித்து "இன்னும் கொஞ்சம், விடாதீங்க" என்று கத்தினால், அவருடைய நுரையீரலும் கால்களும் துளிகூடத் தேறாமலே தேறியதாக ஃபைலில் ஏறிவிடும். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாளில் படித்த எந்தச் சூத்திரமும் இவ்வளவு தெளிவாக மனதில் பதியவில்லை.

முதல் நடை 268 மீட்டர். அரை மணி நேர ஓய்வுக்குப் பின் மறுபடியும் நடக்க வைத்தோம், 276. முதல் தடவை பழக்கமில்லாமல் தயங்குவார்கள் என்பதால் இரண்டில் அதிகமானதை எழுதுகிறோம்.

ஜூலை 26

ஒரு பள்ளி மைதானத்தில் கூப்பர் டெஸ்ட். 12 நிமிட ஓட்டம். பையன்கள் முதல் சுற்றிலேயே பாய்ந்து, நாலாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 2400 மீட்டர் ஓடியவனுக்குச் சூத்திரப்படி அதே ஆக்சிஜன் கணக்கில் 42.4 வருகிறது. ஆனால் 1968இல் கென்னத் கூப்பர் இதை உருவாக்கியது அமெரிக்க விமானப் படை ஆண்களை வைத்து. வெறுங்காலில் ஓடிய எட்டாம் வகுப்புப் பையனுக்கு அந்த எண்ணை எழுதிக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஓடிய தூரத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த பருவத்தில் அதே மைதானத்தில், அதே நேரத்தில் ஓடினால் அவனே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 19

தேர்வு. எழுத நேரமில்லை.

செப்டம்பர் 8

மில் ஐயா எட்டு வாரப் பயிற்சி முடித்து மறுபரிசோதனைக்கு வந்தார். அதே தாழ்வாரம், அதே காலை பத்து மணி, அதே செருப்பு. இன்ஹேலர் எடுத்த நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அதே வாக்கியங்கள். இந்த முறை அவர் என்னைக் கூப்பிடவில்லை. நடுவில் ஒரே ஒரு முறை நின்றார்.

326, அடுத்து 332. ஜூலையைவிட 56 மீட்டர் கூடுதல். ஃபைலை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். இரண்டு எண்களையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்போ மாடிப்படி ஏறலாமுங்களா? பேத்தி ரூம் மேலதான் இருக்குது" என்று கேட்டார்.

சமதளத்தில் நடந்ததை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது என்றேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம். பி.பி. சரியாக இருந்தால், விரலில் கருவியோடு எங்கள் கட்டடத்தின் முதல் மாடி வரை ஏற வைத்துப் பார்க்கலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார்.