ஒன்ராறியோ மெஷின் ஷாப்பில் உங்கள் பென்சில்

சென்னையிலோ மொறட்டுவையிலோ பொறியியல் படித்துவிட்டு கனடாவின் ஒன்ராறியோவுக்கு வருபவர்கள் கணினியில் டிராயிங் போடும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருளின் சான்றிதழைப் பத்திரமாக எடுத்து வருகிறார்கள். மிஸ்ஸிசாகா, பிராம்ப்டன் பக்கத்துச் சிறு தொழிற்சாலைகளில் முதல் வாரமே தேவைப்படுவது பென்சில்தான். லேத் ஓடிக்கொண்டிருக்கும்போது மெஷினிஸ்ட் பக்கத்தில் நின்று ஒரு தாளில் விஷயத்தைப் புரியவைக்க வேண்டும். அச்சிட்ட டிராயிங்கில் கைவைக்க அவர் தயங்குவார். ஸ்கெட்ச் என்றால் பென்சிலை வாங்கி, "இந்த மூலைக்குள் கட்டர் போகாது" என்று தானே கோடு போட்டுக் காட்டுவார். அந்தத் திருத்தம் கிடைப்பதற்காகவே வரைகிறோம். அவரை சார் என்று அழைக்க வேண்டாம், முதற்பெயரே இங்கே வழக்கம்.

கவனமாக மாற்றிக்கொள்ள வேண்டியது வியூக்களின் இடம், அதாவது பொருளை முன்னாலும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து வரையும் தோற்றங்களைத் தாளில் எங்கே வைப்பது என்பது. இந்தியாவில் எஸ்.பி. 46 என்ற பொறியியல் வரைபடக் கைநூலின்படி கல்லூரியில் பழகியது ஃபர்ஸ்ட் ஆங்கிள்: டாப் வியூ முன்தோற்றத்துக்குக் கீழே வரும், இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்தில் வரும். வட அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள்: டாப் வியூ மேலே, வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்திலேயே. கணினி டிராயிங்கில் இதற்கான குறியீடு தானாக அச்சாகிவிடும். ஸ்கெட்சில் யாரும் அதைப் போடுவதில்லை, சிக்கல் அங்கேதான். இடப்பக்க முகத்தில் மட்டும் காடி உள்ள ஒரு பிராக்கெட்டைப் பழைய பழக்கத்தில் வரைந்து, பின்னால் மறைந்திருப்பதைக் காட்டும் மறைகோடுகளையும் விட்டுவிட்டால், காடி வலப்பக்கத்தில் வெட்டப்பட்டு வரும். வரைந்தவருக்கும் வெட்டியவருக்கும் தாங்கள் செய்தது சரியாகவே தெரியும். தாளின் மூலையில் தேர்ட் ஆங்கிள் என்று எழுதுங்கள். பக்கத்தில் பொருளை முப்பரிமாணத்தில் காட்டும் சிறிய ஐசோமெட்ரிக் படம் ஒன்றும் போடுங்கள். சந்தேகம் அநேகமாக அதிலேயே தீர்ந்துவிடும்.

ஐசோமெட்ரிக்குக்கு 30 பாகைக் கோணமானி தேடவேண்டாம். கட்டம் போட்ட தாளில் 7 கட்டம் பக்கவாட்டில், 4 கட்டம் மேலே போனால் கோணம் ஏறக்குறைய 30 பாகை. வட்டத்துக்கு முதலில் சென்டர் லைன்கள், பிறகு மெல்லிய சதுரம், அதன் மூலைவிட்டங்கள். மையத்திலிருந்து மூலைக்குப் போகும் தூரத்தில் பத்துக்கு ஏழு பங்கில் புள்ளி வைத்து, சென்டர் லைன்கள் சதுரத்தைத் தொடும் நான்கையும் சேர்த்து எட்டுப் புள்ளிகளையும் இணையுங்கள். நீளக் கோட்டை மணிக்கட்டால் இழுத்தால் வளையும். முழங்கையிலிருந்து இழுத்து, கண்ணைப் பென்சில் நுனியில் வைக்காமல் கோடு முடியும் புள்ளியில் வையுங்கள்.

கனடா மெட்ரிக் நாடு என்று நம்பி வருபவர்களுக்கு ஷாப்பில் அங்குலம் காத்திருக்கிறது. பேச்சு 'தௌ' கணக்கில் நடக்கும். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, 0.0254 மி.மீ. தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் எழுதுகிறீர்கள் என்பதும் இங்கே ஒரு கட்டளை. பல நிறுவனங்களின் டிராயிங் மூலையில் உள்ள டைட்டில் பிளாக் என்ற விவரக் கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்கு ஒரு டாலரன்ஸ் (அளவு எவ்வளவு பிசகலாம் என்ற வரம்பு), மூன்று இலக்கத்துக்கு அதைவிட இறுக்கமான டாலரன்ஸ் என்று இருக்கும். .25 போதுமான இடத்தில் .250 என்று எழுதினால் தேவையில்லாமல் நேரமும் பணமும் கூடும். மரை விஷயத்திலும் ஊகம் கூடாது: 6 மி.மீ. மெட்ரிக் போல்ட்டான எம்6உம், அங்குலத்துக்கு 20 மரை உள்ள கால் அங்குல போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மரை வெட்டுமுன் முதலாவதற்கு 5 மி.மீ. துளை போட வேண்டும், இரண்டாவதற்கு 7ஆம் எண் டிரில், அதாவது .201 அங்குலம். தகட்டுக்குத் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். 16 கேஜ் ஸ்டீல் .0598 அங்குலம், அதே 16 கேஜ் அலுமினியம் .0508. தடிமனையும் உலோகத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

உடைந்த பாகத்தை அளந்து வரச் சொல்வது புதியவர்களுக்கு அடிக்கடி வரும் வேலை. அளக்கும் கருவியான காலிப்பரைத் தொடுமுன் எல்லா வியூக்களையும் வரைந்து, அளவுக்கோடுகளை எண் இல்லாமல் போட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக நிரப்பினால், விடுபட்டது வெற்றிடமாக நின்று காட்டும். அளவுகள் ஒரே விளிம்பிலிருந்து தொடங்கட்டும். துண்டுதுண்டாக அளந்து கூட்டினால் பிழையும் கூடிக்கொண்டே போகும். மொத்த நீளத்தைத் தனியே அளந்து சரிபாருங்கள். சம அளவுள்ள இரு துளைகளின் மையத் தூரம் வேண்டுமா? உள்விளிம்புகளுக்கு இடையிலான தூரத்துடன் ஒரு துளையின் விட்டத்தைக் கூட்டுங்கள். கைபேசிப் படம் துணைக்கு மட்டும், அதிலிருந்து அளவு எடுக்கக் கூடாது.

தாளின் அடியில் பெயரும் தேதியும் வேண்டும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 04/05 என்பதை இங்கே இரண்டு விதமாகவும் படிப்பார்கள். பெயருக்குப் பின் 'என்ஜினியர்' என்று போடும் ஊர்ப் பழக்கத்தை உரிமம் வரும்வரை நிறுத்திவையுங்கள், அந்தப் பட்டம் ஒன்ராறியோவில் சட்டத்தால் காக்கப்பட்டது. உரிமத்துக்குக் கனடிய வேலை அனுபவம் கட்டாயம் என்ற விதியை பொறியியலாளர் உரிமம் வழங்கும் மாகாண அமைப்பான பி.இ.ஓ. 2023 மே மாதத்தில் நீக்கிவிட்டது. ஊரில் செய்த வேலையை வைத்தே இப்போது விண்ணப்பிக்கலாம்.