அணைக்கு அக்கரையில் பார்த்த நோட்டு

என் வீட்டுக்காரர் ஆழ்கடல் போட்டில் போகிறவர். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து ஆட்கள் கடலுக்குப் போனால் கரை திரும்ப முப்பது நாளும் ஆகும், நாற்பது நாளும் ஆகும். அவருக்கு பிரஷர் 170/100 இருந்தது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருவார். ஆனால் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மாத மாத்திரைதான். அது தீர்ந்தால் கடலில் பத்து நாள் மாத்திரை இல்லாமலேயே இருப்பார். கூடுதலாகக் கேட்டபோது, ஆளைப் பார்க்காமல் தர முடியாது என்றார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம்தான் எங்கள் மகளிர் குழுவிலிருந்து ஏழு பேர் பேச்சிப்பாறைக்குப் போனோம். அணைக்கு அக்கரையில் காணி என்ற மலைப் பழங்குடி மக்களின் குடியிருப்பு, வள்ளத்தில் (படகில்) தான் போகவேண்டும். நாங்கள் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பில்தான் ஏறினேன். ஒக்கிப் புயலுக்குப் பிறகு மனுவும் நகலுமாக அலைந்தவர்கள் நாங்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கணும், ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போகணும். அதையெல்லாம் சொல்லி மூன்று குடும்பத்துக்கு எழுதியும் கொடுத்தோம்.

சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அங்குள்ள ஒரு தங்கச்சி நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். ஆளுக்கு ஒரு பக்கம். தேதி, பிரஷர் அளவு, மிச்சமுள்ள மாத்திரை. பத்துக்குக் கீழே போனால் சிவப்பு வட்டம். மழைக்காலத்தில் வள்ளம் ஓடாத நாட்கள் உண்டு. அதனால் மழைக்கு முன்பே நோட்டோடு போய் டாக்டரைப் பார்ப்பார்களாம். வரிசையாக அளவு எழுதியிருப்பதைப் பார்த்து இரண்டு மாதத்துக்குத் தருவாராம்.

என் கையிலும் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். நான் பேச வாயெடுத்ததும், "அஞ்சு நிமிஷம் பேசாம இருங்கக்கா. காலைத் தரையில ஊணுங்க, கை நெஞ்சு உயரத்துக்கு இருக்கட்டும்" என்றாள். சாயா குடித்ததால் அரைமணி நேரம் கழித்து இன்னொரு தடவை பார்த்தாள். வீட்டில் நான் அவரை நிற்கவைத்துக்கூட அளந்திருக்கிறேன். இது எனக்கு யாரும் சொல்லித்தராத விஷயம்.

ஊருக்கு வந்ததும் நோட்டு வாங்கினேன். அடுத்து போட் கிளம்புவதற்கு முந்தின ஒரு வாரம் தினமும் காலையில் அளந்து எழுதினேன், போகும் தேதியும் திரும்பும் தேதியும் குறித்தேன். அவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் நோட்டை நீட்டினேன். டாக்டர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அறுபது நாளுக்கு மாத்திரை எழுதினார். உப்புத்தண்ணீர் படாமலிருக்க மாத்திரையை மூடி இறுகிய ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

இப்போது எங்கள் தெருவில் பதினொரு வீட்டில் நோட்டு இருக்கிறது. அடுத்த மாதம் மலையிலிருந்து அவர்கள் எங்கள் கரைக்கு வருகிறார்கள். இன்னும் நாலு குடும்பத்துக்கு வருமானச் சான்று விண்ணப்பம் பாக்கி. ஆதார் நகல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.